கதவைத் தட்டியவர்களும் தட்டாதவர்களும்

நம்முடைய சபைகளில் வாசிக்கப்படும் நூல்கள் எவையென்று எண்ணிப் பார்த்தால், இறையியல் நூல்கள் அவற்றுள் மிகச் சிலவே என்பது விளங்கும். விசுவாசிகளின் வீடுகளில் வேதாகமத்துக்கும் பாட்டுப் புத்தகத்துக்கும் அருகில் காணப்படுபவை மிஷனெரிமாரின் வாழ்க்கைச் சரித்திரங்கள், கைப்பிரதிகள், மாத இதழ்கள் ஆகியவையே. இக்காலத்தில் கைபேசியில் வந்து சேரும் குறும்படங்களையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். மக்கள் தங்கள் சமயத்தைப் பற்றியும் அயலாரின் சமயத்தைப் பற்றியும் கொண்டிருக்கும் எண்ணங்களில் பெரும்பகுதி இத்தகைய வெகுசன எழுத்துகளிலிருந்தே உருவாகிறது. நாம் பிரசங்கத்தில் எடுத்தாளும் உதாரணக் கதைகளும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன. ஆயினும் இவ்வெழுத்துகளை நாம் சரித்திரக் கண்கொண்டு ஆராய்வது அரிது. ராணிப்பேட்டைப் பகுதியின் வரலாறு இவ்வாராய்ச்சிக்கு மிகவும் ஏற்றதாய் இருப்பதால், அதனை எடுத்துக்கொண்டு சில கருத்துகளை இங்கே முன்வைக்க விரும்புகிறோம்.

ஊர்ப்பெயரில் ஒரு கதை

ராணிப்பேட்டை என்னும் பெயரே ஒரு கதையைச் சுமந்து நிற்கிறது. செஞ்சிக் கோட்டையை ஆண்ட இளைஞனாகிய தேசிங்கு, ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானுக்குக் கப்பம் கட்ட மறுத்துப் போரிட்டு 1714இல் மடிந்தான். அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகப் பாலாற்றின் வடகரையில் நவாபு அமைத்த பேட்டையே ராணிப்பேட்டை என்பது வழிவழியாக வழங்கிவரும் வரலாறு.

தேசிங்குராஜன் கதை தெருக்கூத்தாகவும் கதைப்பாட்டாகவும் பரவி, பின்பு பெரிய எழுத்துப் புத்தகமாய்ச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்கப்பட்டது. 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த திரைப்படமாகவும் வந்தது. இக்கதையில் சமயம் மிக இயல்பாகக் கலந்திருக்கிறது. சிங்கவரத்து அரங்கநாதர் போருக்குப் போக வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தேசிங்கின் இஸ்லாமிய நண்பன் தன் திருமணத்தையும் விட்டுவிட்டு வந்து அவனோடு களத்தில் உயிர் துறக்கிறான். இந்துவும் இஸ்லாமியரும் ஒருவருக்காக ஒருவர் சாகக்கூடும் என்பதை வட ஆர்க்காட்டு, தென் ஆர்க்காட்டு மக்கள் எந்தப் பள்ளியிலும் பயிலாமல் இந்தப் பாட்டின் வாயிலாகவே கேட்டறிந்தனர்.

எனினும் ஊருக்குத் தன் பெயரைக் கொடுத்த அந்தப் பெண்ணைப் பற்றிக் கதை சொல்வது சொற்பம். அவள் என்ன நினைத்தாள், யார் அவளைச் சிதைக்கு அழைத்துச் சென்றார்கள், அவள் மறுத்துப் பேச இடமிருந்ததா என்னும் வினாக்களுக்கு அதில் விடையில்லை. வீரனின் புகழுக்குச் சான்றாகவே அவள் சாகிறாள். வெகுசன எழுத்தின் ஆற்றலையும் குறையையும் இவ்வொரு கதையிலேயே நாம் காணலாம். ஒரு வாழ்க்கையை அது நூற்றாண்டுகளுக்கும் மறவாமல் காக்கும். அவ்வாழ்க்கையின் அருகே மாண்டவர்களை எளிதில் நிழலாக்கிவிடும். கிறிஸ்தவ வெகுசன நூல்கள் இதற்கு விலக்கானவையா என்பதை அடுத்து ஆராய்வோம்.

ஒரு கைப்பிரதியின் விளைவு

இப்பகுதியின் திருச்சபை வரலாறு ஒரு சிறு நூலிலிருந்து தொடங்குகிறது எனலாம். பம்பாயில் ஊழியம் செய்த கோர்டன் ஹால், சாமுவேல் நியூவெல் என்னும் இரு அமெரிக்க மிஷனெரிகள் எழுதிய நூலொன்று 1818இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. சுவிசேஷம் அறியாத 60 கோடி மக்கள் திருச்சபையின்மேல் கொண்டுள்ள உரிமையை அது எடுத்துரைத்தது. நியூயார்க்கில் மருத்துவராயிருந்த ஜான் ஸ்கடர், தாம் பார்க்கச் சென்ற நோயாளி ஒருவரின் வீட்டில் தற்செயலாக அதனைக் கண்டெடுத்து வாசித்தார். 1819இல் தம் தொழிலை விட்டுக் குடும்பத்துடன் கப்பலேறினார். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பல ஆண்டுகள் ஊழியம் செய்தபின், 1836இல் அச்சுக்கூடப் பணியின் பொருட்டு மைரன் வின்ஸ்லோவுடன் சென்னைக்கு வந்தார். அவருடைய குமாரர் எழுவர் மிஷனெரி ஊழியத்தில் ஈடுபட்டனர். அவர்களுள் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் ஆகிய மூவரே 1853இல் ஆர்க்காட்டு மிஷனை நிறுவினர். மற்றொருவராகிய சைலஸ், 1866இல் ராணிப்பேட்டையில் மருத்துவமனையைத் திறந்தார்.

புத்தகத்தால் அழைக்கப்பட்டவர் தாமும் புத்தகத்தால் பிறரை அழைத்தார். 1842 முதல் 1846 வரை அமெரிக்காவில் தங்கிய ஜான் ஸ்கடர், ஊர் ஊராகச் சென்று சிறுவர் கூட்டங்களில் பேசினார். சிறுவருக்கென்றே கடிதங்களும் கதைகளும் எழுதினார். 1849இல் அமெரிக்கக் கைப்பிரதிச் சங்கம் வெளியிட்ட அவருடைய சிறுவர் நூல் அவற்றுள் ஒன்று. இந்துக்களின் உடை, உணவு, வீடு ஆகியவற்றில் தொடங்கி, தெய்வங்கள், உடலை வருத்தும் நேர்த்திக்கடன்கள், மரணச் சடங்குகள் என்று அது செல்லும். முடிவில் சிறுவர் ஜெபிக்கவும், காணிக்கை கொடுக்கவும், வளர்ந்தபின் தாங்களே புறப்பட்டு வரவும் வேண்டுமென்று அழைக்கும்.

இந்நூலின் அமைப்பை நாம் உற்று நோக்கவேண்டும். அழைப்பு வலுவாய் ஒலிக்க வேண்டுமானால் அவலம் பெரிதாய்த் தோன்ற வேண்டும். ஆகவே அயலாரின் சமயத்தில் கொடுமையானவையும் விந்தையானவையும் முன்னிறுத்தப்பட்டன. தாயுமானவரைப் பாடும் ஒரு முதியவரோ, திருக்குறளைக் கற்பிக்கும் ஒரு திண்ணைப்பள்ளி ஆசிரியரோ அக்கதைகளின் நோக்கத்துக்கு உதவவில்லை. எழுதியவர் மனமறிந்து பொய் சொன்னார் என்று நாம் கூறவில்லை. முப்பது ஆண்டுகள் இம்மக்களிடையே வாழ்ந்து, இவர்கள் நோயைத் தீர்த்து, தம் பிள்ளைகளையும் இவர்களுக்கே கொடுத்த மனிதர் அவர். ஆனால் காணிக்கைக்காகவும் ஊழியருக்காகவும் எழுதப்படும் நூல், எதைச் சொல்வது எதை விடுவது என்பதைத் தன் நோக்கத்தைக்கொண்டே தீர்மானிக்கிறது.

கடைவீதியும் அச்சுக்கூடமும்

அதே குடும்பம் தமிழ் மக்களுக்காக எழுதியபோது வேறொரு தொனி தோன்றியது கவனிக்கத்தக்கது. ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் கடைவீதிகளில் பிரசங்கிப்போருக்கு உதவியாகத் தமிழில் ஒரு நூலை அமைத்தார். பஜார் புத்தகம் என்று அறியப்பட்ட அது, 1860களில் ஊழியர் கையில் இருந்தது. தமிழ்ச் செய்யுள்களை எடுத்துக்காட்டி, அவற்றின் வழியாகக் கேட்போரின் மனச்சான்றோடு பேசும் முறையை அது கையாண்டது. விக்கிரக வழிபாட்டையும் சாதியையும் கண்டித்த சித்தர் மரபு அதற்குத் துணையாயிற்று. எதிரே நின்று கேட்கும் மனிதர் மறுமொழி சொல்லக்கூடியவர் என்பதால், அவருடைய இலக்கியத்தைக் கற்க வேண்டியதாயிற்று. கடல் கடந்து வாசிக்கும் சிறுவருக்கு எழுதும்போது அந்தக் கட்டாயம் இல்லை.

மறுமொழியும் வந்தது. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் போதகரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணை நின்ற ஆறுமுக நாவலர், 1849இல் தமக்கென ஓர் அச்சுக்கூடத்தை நிறுவினார். 1854இல் சைவ தூஷண பரிகாரம் என்னும் கண்டன நூலை வெளியிட்டார். 1880களின் பிற்பகுதியில் சென்னையில் இந்துக் கைப்பிரதிச் சங்கம் தோன்றி, மிஷனெரிகளின் முறையையே பின்பற்றித் துண்டுப்பிரசுரங்களைப் பரப்பியது. ஆக, சமயத்தை மலிவு விலைப் புத்தகத்தால் பரப்பும் முறை சில பத்தாண்டுகளுக்குள் எல்லாருக்கும் பொதுவாயிற்று. அதனோடு, பிறர் சமயத்தின் மிகத் தாழ்ந்த நிலையை நம் சமயத்தின் மிக உயர்ந்த நிலையோடு ஒப்பிட்டுக் காட்டும் வழக்கமும் பொதுவாயிற்று. இன்று எல்லாச் சமயத்தாரின் கைபேசிகளிலும் உலவும் காட்சிகளில் அவ்வழக்கம் இன்னும் உயிரோடிருக்கிறது.

திண்டிவனத்து இரவு

ராணிப்பேட்டையில் 1870 டிசம்பர் 9 அன்று பிறந்த ஐடா ஸ்கடர், முதல் ஜான் ஸ்கடரின் பேத்தி. அமெரிக்காவில் கல்வி கற்ற அவர், தாயின் நோய் காரணமாக 1890இல் திண்டிவனத்துக்குத் திரும்பி வந்தார். மிஷனெரியாகும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. அங்கே ஓர் இரவில் மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக வந்து பங்களாவின் கதவைத் தட்டினர். முதலில் வந்தவர் பிராமணர், அடுத்தவர் இஸ்லாமியர், மூன்றாமவரும் உயர்சாதி இந்து. மூவருடைய இளம் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். மருத்துவராகிய தந்தை வரத் தயாராய் இருந்தும், ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தொட்டுச் சிகிச்சை செய்வதை அவர்கள் ஏற்கவில்லை. ஐடா வரவேண்டும் என்றே கேட்டனர். அவருக்கோ மருத்துவம் தெரியாது. காலையில் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. மருத்துவராகித் திரும்பி வருவதென்று அவர் அன்று தீர்மானித்தார்.

இந்நிகழ்ச்சி சென்ற நூற்றாண்டின் மிஷனெரி எழுத்துகளில் மிகப் பரவலாக அறியப்பட்ட கதைகளுள் ஒன்றாயிற்று. மேரி பாலின் ஜெஃப்ரி 1930களின் இறுதியில் ஐடாவின் சரித்திரத்தை எழுதினார். டாரதி கிளார்க் வில்சன் 1959இல் எழுதிய நூல் ஆங்கிலம் வாசிக்கும் உலகெங்கும் அவரை அறியச் செய்தது. இத்தகைய எழுத்தின் நற்பயனை யாரும் மறுக்கவியலாது. வேலூருக்குத் தொலைநாடுகளிலிருந்து மருத்துவர்களும் செவிலியரும் காணிக்கைகளும் வந்து சேர்ந்ததில் இக்கதைக்குப் பங்குண்டு. நூலாகுமுன் அது ஐடாவின் வாய்மொழிச் சாட்சியாக வழங்கியது. பெண்களுக்கென்று ஒரு மருத்துவமனை வேண்டுமென்று அவர் அமெரிக்காவில் வேண்டுகோள் விடுத்தபோது, நியூயார்க் வங்கியாளர் ஒருவர் தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அதைக்கொண்டு எழும்பிய மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902இல் வேலூரில் திறக்கப்பட்டது.

கதையும் சரித்திரமும்

எனினும் ஆயர்களாகிய நாம் இக்கதையைச் சபையில் எடுத்துரைக்கும்போது, அது எவ்வாறு சுருங்கிவிடுகிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். நாம் கேட்ட பிரசங்கங்கள் சிலவற்றில் நிகழ்ந்த இடம் வேலூராகவும் ராணிப்பேட்டையாகவும் மாறியதுண்டு. அது சிறு பிழை. அதனினும் பெரிது, அப்பெண்கள் மூவரும் தங்கள் சமயத்தாலேயே இறந்தார்கள் என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவது.

கோஷா வழக்கமும் சாதிக் கட்டுப்பாடும் அவர்கள் உயிரைப் பறித்ததில் பெரும்பங்கு வகித்தன என்பது உண்மை. அதனை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் பெண் மருத்துவர் ஒருவர் திண்டிவனத்தில் ஏன் இல்லை என்னும் வினாவும் உண்டு. மேனாட்டு மருத்துவக் கல்லூரிகள் பல அக்காலத்தில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. புகழ்பெற்ற ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி 1945இல்தான் மாணவிகளைச் சேர்த்தது. சென்னை மருத்துவக் கல்லூரியோ 1875இலேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவ்வம்மையாரின் முயற்சியால் 1885இல் சென்னையில் கோஷாப் பெண்களுக்கென்று மருத்துவமனையும் தோன்றியிருந்தது. ஆகவே 1890இல் பெண் மருத்துவம் தமிழகத்துக்கு முற்றிலும் புதியதன்று. அது திண்டிவனம் போன்ற ஊர்களை எட்டவில்லை. கணவரின் வழக்கம், கல்லூரிகளின் பூட்டிய வாசல், ஊருக்கும் நகரத்துக்கும் இடையிலிருந்த தொலைவு ஆகிய மூன்றும் சேர்ந்தே அந்த இரவை உண்டாக்கின. பெண்களை வெளியே நிறுத்திய பாவத்தில் கிறிஸ்தவ நாடுகளுக்கும் பங்கிருந்தது என்பதை உணர்ந்தால், நம் பிரசங்கத்தில் அயலாரைக் குற்றஞ்சாட்டும் தொனி குறைந்து, அனைவரையும் மனந்திரும்புதலுக்கு அழைக்கும் தொனி உண்டாகும்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கதவைத் தட்டியவர்கள் தட்டக்கூடிய நிலையில் இருந்தவர்கள். இரவில் துரைமாரின் பங்களாவுக்கு வந்து நின்று பேசும் தைரியமும் தகுதியும் அவர்களுக்கு இருந்தன. அதே காலத்தில் சேரிகளிலும் பிரசவத்தில் பெண்கள் இறந்துகொண்டிருந்தனர். வயலில் வேலை செய்த அப்பெண்களுக்குக் கோஷா இல்லை. அவர்களைப் பங்களாவுக்கு வரவொட்டாமல் தடுத்தவை வறுமையும் தீண்டாமையும் தூரமுமே. ஆர்க்காட்டு மிஷனின் சபைகள் பெரும்பாலும் அவர்களிடையேதான் வளர்ந்தன. ஆயினும் வெகுசன நூல் அவர்களுடைய மரணத்திலிருந்து தொடங்கவில்லை. ஓர் இரவில் மூன்று தட்டுதல்கள் என்னும் அமைப்பு கதைக்கு இசைவானது. ஆண்டுதோறும் ஓசையின்றி நிகழும் மரணத்துக்கு அத்தகைய அமைப்பு இல்லை.

சாலையோரத்து மரநிழல்

இதனை ஐடா அம்மையார் தம் செயலால் அறிந்துகொண்டார் என்றே நாம் கருதுகிறோம். வேலூரில் மருத்துவமனை எழும்பியபின்னும், வந்து தட்டுவோரை மட்டும் ஏற்பதோடு அவர் நின்றுவிடவில்லை. குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் பயணம் செய்து, சாலையோர மரநிழல்களில் காத்திருந்த கிராமத்தாருக்குச் சிகிச்சை அளித்தார். 1909இல் கிடைத்த பிரெஞ்சு நாட்டு மோட்டார் வண்டி அப்பயணங்களுக்கு உதவிற்று. சாலையோர மருத்துவம் என்னும் அம்முறையே பிற்காலத்துக் கிராமச் சுகாதாரப் பணிகளுக்கு முன்னோடியாயிற்று.

அடுத்து, மருத்துவர் தாம் ஒருவராய் இருந்தால் போதாது என்று அவர் கண்டார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வேலூரில் தொடங்கிற்று. அதன் முதல் வகுப்பினருள் 14 பெண்கள் 1922இல் தேர்ச்சி பெற்று வெளிவந்தனர். பின்னாளில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை இந்தியருள் முதலாவதாக ஏற்றவர் டாக்டர் ஹில்டா லாசரஸ் என்னும் அம்மையார். 1954இல் நேர்ந்த விபத்தால் இடுப்பின்கீழ் செயலிழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே மறுவாழ்வு மருத்துவத் துறையைக் கட்டியெழுப்பியவர் டாக்டர் மேரி வர்கீஸ். இவரைப் பற்றி வில்சன் அம்மையார் 1963இல் ஒரு நூல் எழுதினார். ஐடாவின் சரித்திரத்தில் பெயரின்றி இறந்த இந்தியப் பெண், அதே எழுத்தாளரின் பிந்திய நூலில் பெயரோடும் குரலோடும் கதையின் நடுவில் நிற்கிறார். வெகுசன சமய நூல் வளரக்கூடியது, திருந்தக்கூடியது என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் நம் பிரசங்கங்களில் தட்டுதல்களின் இரவு அடிக்கடி வருகிறது. குடியாத்தம் சாலை எப்போதாவது வருகிறது. அழைப்பைப் பற்றிப் பேச நமக்கு எளிது. அழைப்புக்குப்பின் ஐம்பது ஆண்டுகள் நடந்த நடையைப் பற்றிப் பேசுவது அரிது.

நம் கடமை

இவ்வாராய்ச்சியால் நாம் பெறும் பயன் யாது? மிஷனெரி சரித்திரங்களை ஒதுக்கிவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. நன்றியோடு வாசிக்க வேண்டும். அதே வேளையில் மூன்று வினாக்களையும் கேட்க வேண்டும். இந்நூல் யாருக்காக, எந்த உதவியை நாடி எழுதப்பட்டது? இதில் பெயரோடு வருபவர் யார், பெயரின்றி வருபவர் யார்? அயலார் இதனை வாசித்தால் தங்கள் முகத்தை இதில் அடையாளம் காண்பார்களா? இறையியல் மாணவர் இவ்வினாக்களைத் தம் சமயத்து நூல்களிடம் கேட்கப் பழகினால், பிற சமயத்தார் வெளியிடுபவற்றையும் கோபமின்றி ஆராயும் பக்குவம் பெறுவர்.

அடுத்து, பெயரற்றவர்களுக்குப் பெயர் தேடும் பணி உண்டு. 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்த ஆர்க்காட்டுச் சபைகளில் பழைய திருமுழுக்கு, அடக்கப் பதிவேடுகள் இருக்கக்கூடும். உபதேசிமார், வேதப்பெண்கள், பிரசவத்தில் இறந்த தாய்மார் ஆகியோரின் பெயர்களை அவற்றிலே தேடலாம். ஒவ்வோர் ஆயரும் தம் சேகரத்துப் பதிவேட்டிலிருந்து பத்துப் பெயர்களை எடுத்து, முதியோரிடம் கேட்டு எழுதிவைப்பாரானால், எந்த அயல்நாட்டு நூலிலும் இல்லாத சரித்திரம் நமக்குக் கிடைக்கும்.

இறுதியாக ஒன்று. ராணிப்பேட்டை இன்று தோல் தொழிலின் ஊர். 2015 ஜனவரி 31 அன்று நள்ளிரவுக்குப்பின், இங்குள்ள தொழிற்பேட்டையில் தோல் கழிவுச் சேற்றைத் தேக்கிவைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. அருகிலிருந்த தொழிற்கூடத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப்பேர் சேற்றில் மூழ்கி மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். செய்தித்தாள்கள் சில நாள் எழுதின. அவர்களுக்கு யாருடைய கதவையும் தட்ட நேரமிருக்கவில்லை. 1890இல் திண்டிவனத்தில் நிகழ்ந்த இரவை நாம் எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறோம்? நம் ஊரில் நிகழ்ந்த இந்த இரவை எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறோம்?

பெத்தானியாவில் ஆண்டவரின் சிரசின்மேல் தைலம் ஊற்றிய பெண்ணின் பெயரை மாற்கு எழுதவில்லை. ஆனால் சுவிசேஷம் அறிவிக்கப்படும் இடமெங்கும் அவள் செய்தது நினைவுகூரப்படும் என்ற ஆண்டவரின் வாக்கை அவர் எழுதிவைத்தார். யோவானோ அவள் பெயர் மரியாள் என்று தேடிச் சேர்த்தார். பெயர் தெரியாதபோது செயலை நினைவுகூர்வதும், தெரிந்துகொள்ளக் கூடியபோது பெயரைத் தேடிச் சேர்ப்பதும் சுவிசேஷகர் நமக்குக் காட்டிய வழி. திண்டிவனத்துப் பெண்கள் மூவருக்கும் நாம் முதல் வழியையே பின்பற்றக்கூடும். நம் காலத்தில் நம் ஊரில் மாண்டவர்களுக்கு இரண்டாம் வழி இன்னும் அடைபடவில்லை.